முதலில் சரிவு, பின்னர் ஓடு

நுழையும்முன்

வீட்டோடு புதிதாக ஓர் அறையைச் சேர்த்துக் கட்டும்போது, அதன் கூரைக்கு எந்த ஓட்டைத் தேர்ந்தெடுப்பது என்னும் வினா எழுகிறது. நிறத்தையும் விலையையும் கண்டு விடை கூறுவோர் பலர். ஆனால், அந்த வினாவிற்கு முதல் விடை தருவது கூரையின் சரிவே ஆகும். அது எவ்வாறு என்பதை இப்பாடம் விளக்குகிறது.

மழையும் கூரையும்

ஓர் ஊரின் கூரைகளைக் கூர்ந்து நோக்கினால் அவ்வூரின் மழையை ஓரளவு அறிந்துகொள்ளலாம். இராசத்தானின் மேற்கே உள்ள ஜெய்சல்மேரில் ஆண்டுக்கு ஏறத்தாழ 200 மில்லிமீட்டர் மழையே பெய்கிறது. அங்குள்ள பழைய கல்வீடுகளின் கூரைகள் தட்டையானவை. இமாச்சலப் பிரதேசத்தின் காங்கிரா பகுதியில் மழையும் மிகுதி, குளிரும் மிகுதி. அங்குள்ள பழைய வீடுகளின் சரிந்த கூரைகளில் சிலேட்டுக் கற்பலகைகள் வேயப்பட்டிருக்கும். மங்களூர் முதலிய மேற்குக் கடற்கரை ஊர்களில் ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டருக்கும் மேற்பட்ட மழை பெய்கிறது. அதன் பெரும்பகுதி சூன் முதல் செப்டம்பர் வரையிலான நான்கு திங்களில் கொட்டித் தீர்க்கிறது. ஆகவே, அங்கு ஓட்டுக் கூரைகள் நன்கு சரிவாக எழுப்பப்படுகின்றன.

மழைநீர் கூரையின்மீது தங்கும் நேரம் குறையுமாறு செய்வதே சரிவின் பணி. சரிவு கூடினால் நீர் விரைந்து இறங்கும். சரிவு குறைந்தால் நீர் மெல்ல நகரும். நகரும் நீர் நுழைவதற்கு வழி தேடும்.

சார்ப்பும் தாழ்வாரமும்

வீட்டின் சுவரைச் சார்ந்து, ஒரே பக்கமாகத் தாழ்ந்து இறங்கும் கூரையைச் 'சார்ப்பு' என்பர். பேச்சு வழக்கில் இது 'சாய்ப்பு' என வழங்குகிறது. சுவரோடு ஒட்டி இவ்வாறு ஓர் இடத்தைக் கட்டிச் சேர்ப்பதைச் 'சாய்ப்பு இறக்குதல்' என்று சிற்றூர்களில் கூறுவர்.

'தாழ்வாரம்' என்னும் சொல்லையும் இங்கு எண்ணிப் பார்க்கலாம். மலையின் சரிவு வந்து முடியும் இடம் அடிவாரம். வீட்டுக் கூரையின் சரிவு தாழ்ந்து வரும் இடம் தாழ்வாரம். இரண்டு சொற்களிலும் 'வாரம்' என்பது சரிவைக் குறிக்கிறது. கிழமைகள் ஏழு கொண்ட வாரம் வேறு. இந்த வாரம் வேறு.

சரிவை அளத்தல்

கூரை கிடைமட்டமாகக் கடக்கும் தொலைவு 'ஓட்டம்' எனக் கொள்வோம். அத்தொலைவுக்குள் அது கீழிறங்கும் உயரம் 'இறக்கம்' எனக் கொள்வோம். இறக்கத்திற்கும் ஓட்டத்திற்கும் உள்ள விகிதமே சரிவு. 10 அடி ஓட்டத்தில் 5 அடி இறங்கினால் சரிவு 1:2. கோணம் ஏறத்தாழ 26.6 பாகை. 10 அடி ஓட்டத்தில் 2 அடி மட்டும் இறங்கினால் சரிவு 1:5. கோணம் ஏறத்தாழ 11.3 பாகை. விகிதம் என்பதால், அடியில் அளந்தாலும் மீட்டரில் அளந்தாலும் விடை மாறாது.

இப்போது ஒரு குடும்பத்தை எண்ணிக்கொள்வோம். தந்தையின் பணியின் பொருட்டு மங்களூரில் குடியேறிய தமிழ்க் குடும்பம் அது. ஊரிலிருந்து பாட்டி வந்து இனி அவர்களோடு தங்கப் போகிறார். அவருக்கெனப் பழைய ஓட்டு வீட்டின் பின்புறத்தில் 10 அடி அகலமுள்ள ஓர் அறையைக் கட்ட விரும்புகின்றனர். வீட்டுக் கூரையின் விளிம்பு தரையிலிருந்து 10 அடி உயரத்தில் உள்ளது. எனவே, புதிய சார்ப்பு அங்கிருந்துதான் தொடங்க முடியும். தலை இடிக்காமல் நுழைவதற்கு வெளிச்சுவர் 8 அடியாவது இருத்தல் நலம். ஆக, இறக்கம் 2 அடி, சரிவு 1:5. வீட்டின் முகப்பில் உள்ள அதே சிவந்த மங்களூர் ஓட்டையே புதிய அறைக்கும் வேய வேண்டும் என்பது அவர்கள் விருப்பம்.

இவ்விருப்பம் நிறைவேறுமா? விடை காண்பதற்கு, ஓடு எவ்வாறு நீரைத் தடுக்கிறது என்பதை முதலில் அறிய வேண்டும்.

ஓடு நீரைத் தடுக்கும் முறை

ஓட்டுக் கூரை, குடைத்துணி போல இடைவெளியற்ற ஒரே பரப்பு அன்று. அது பல துண்டுகளின் அடுக்கு. மேல் வரிசை ஓட்டின் கீழ்முனை, கீழ் வரிசை ஓட்டின் தலைப்பகுதியை மூடிக் கிடக்கும். ஒன்றன்மேல் ஒன்று படிந்துள்ள இப்பகுதியே மேற்படிவு எனப்படும். இறங்கும் நீர் மேல் ஓட்டிலிருந்து கீழ் ஓட்டுக்குத் தாவி, இறுதியில் இறவாணத்தில் சொட்டுகிறது. நீர் கீழ்நோக்கியே செல்லும் என்னும் நம்பிக்கையின்மீதுதான் ஓட்டுக் கூரை முழுவதும் அமைந்துள்ளது.

சரிவு குறையும்போது இந்நம்பிக்கை தளர்கிறது. அதற்கு நான்கு காரணங்கள் உள்ளன.

முதலாவது காற்று. மழையோடு வீசும் காற்று, நீரைக் கூரையின்மீது மேல்நோக்கித் தள்ளுகிறது. சரிவான கூரையில் நீர் ஏற வேண்டிய உயரம் மிகுதி. தாழ்ந்த சரிவில் மிகக் குறைவு. 3 அங்குல மேற்படிவு 1:2 சரிவில் ஏறத்தாழ ஒன்றேகால் அங்குல உயரத் தடையாகும். 1:5 சரிவில் அஃது ஏறத்தாழ அரை அங்குலமாகச் சுருங்கிவிடும்.

இரண்டாவது நுண்புழை ஏற்றம். இரு ஓடுகளுக்கு இடையே உள்ள மெல்லிய இடுக்கில் நீர் தானாகவே உள்ளிழுக்கப்படும். விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதும் இவ்வாறே.

மூன்றாவது ஓட்டின் உண்மைச் சரிவு. ஓட்டின் தலை குறுக்குச் சட்டத்தின்மீது அமர்கிறது. அதன் கீழ்முனையோ மற்றோர் ஓட்டின் முதுகின்மீது அமர்கிறது. ஆகவே, கீழ்முனை சற்றே உயர்ந்து நிற்கும். இதனால் ஒவ்வோர் ஓட்டின் சரிவும் கைமரத்தின் சரிவைவிடச் சில பாகை குறைந்தே இருக்கும். கைமரம் 11 பாகையில் சரிந்தால், அதன் மேலுள்ள ஓடு ஏறத்தாழப் படுத்தே கிடக்கும்.

நான்காவது ஈரம். சுட்ட மண் ஓடு சிறிதளவு நீரை உறிஞ்சும். நீர் விரைந்து வடிந்தால் அது விரைவில் உலரும். மெல்ல வடிந்தால் ஈரம் தங்கும், பாசி படரும், பாசியும் சருகும் நீரின் வழியை அடைக்கும், அடைபட்ட நீர் ஓட்டின் தலையைத் தாண்டி உள்ளே வழியும்.

ஒழுக்கு முதல் மழையிலேயே தோன்றும் என்பதில்லை. சில நேரங்களில் நீர் கீழே சொட்டாமல், குறுக்குச் சட்டங்களை மட்டும் நனைத்துக்கொண்டிருக்கும். மரம் உள்ளுக்குள் உளுத்துப் போன பின்னரே வீட்டார் அதனை அறிவர். அதனால்தான் ஓடு தேர்தல் அழகைப் பற்றிய செய்தி மட்டும் அன்று. கூரையின்கீழ் உறங்குவோரின் நலம் பற்றிய செய்தியும் ஆகும்.

ஓட்டின் வகைகள்

*நாட்டு ஓடு*: குயவர் சக்கரத்தில் குழல்போல வனைந்து, இரண்டாகப் பிளந்து, சூளையில் சுட்ட அரைவட்ட ஓடு. ஒரு வரிசை மல்லாந்தும் அதன்மேல் ஒரு வரிசை கவிழ்ந்தும் கிடக்கும். இதனை நெருக்கமாகவும் அடுக்கலாம். எனவே, மேற்படிவை விரும்பியவாறு கூட்டலாம். ஆயினும், எடை மிகும். குரங்கும் பூனையும் நடந்தால் இடம்பெயரும். ஆண்டுதோறும் மழைக்கு முன்பு ஓடு மாற்றிச் சீர்செய்ய வேண்டும்.

*மங்களூர் ஓடு*: எந்திரத்தில் அழுத்தி வார்த்துச் சுட்ட தட்டை ஓடு. தமிழகத்தில் இதனைச் சீமை ஓடு என்றும் கூறுவர். இதன் ஓரங்களில் வரம்பும் பள்ளமும் உள்ளன. ஓர் ஓட்டின் வரம்பு அடுத்த ஓட்டின் பள்ளத்தில் பொருந்திக் கொள்ளும். ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 15 ஓடுகள் போதும். பொருந்தும் இடம் வார்ப்பிலேயே முடிவாகிவிடுவதால், மேற்படிவை நாம் கூட்ட முடியாது. எனவே, குறைந்த சரிவுக்கு ஈடுசெய்யும் வழி இதில் இல்லை. பொதுவாக 1:2 சரிவுக்குக் குறையாமல் இதனை வேய்வர். மழை மிகுந்த இடங்களில் 30 பாகைக்கு மேலும் செல்வர்.

*சிமெண்ட் ஓடு*: சிமெண்டும் மணலும் கலந்து வார்த்தது, இதுவும் ஒன்றோடொன்று பொருந்துவது. இதன் சில வகைகள் ஏறத்தாழ 18 பாகைச் சரிவுக்கும் ஏற்றவை. வாங்கும் முன் அவ்வகைக்குரிய குறைந்த அளவுச் சரிவை, அதனை உருவாக்கியோர் தரும் கையேட்டில் பார்த்தல் வேண்டும்.

*தட்டோடு*: இது வேயும் ஓடு அன்று; பதிக்கும் ஓடு. சென்னையின் பழைய வீடுகளில் காணப்படும் 'மெட்ராஸ் டெரஸ்' என்னும் மாடித் தளத்தில், மர உத்தரங்களின்மேல் செங்கல் அடுக்கி, அதன்மேல் செங்கல் சல்லியும் சுண்ணாம்பும் கலந்து இடித்து, மேலே இத்தட்டோட்டைப் பதித்தனர். 10 அடிக்கு இரண்டு அங்குல வாட்டம் இருந்தாலே அங்கு நீர் ஓடிவிடும். ஏனெனில், இங்கு நீரைத் தடுப்பது ஓடுகளின் அடுக்கு அன்று. அடியிலுள்ள இடைவெளியற்ற தளம். ஓடு அத்தளத்தை வெயிலிலிருந்து காக்கிறது. 'ஓடு' என்னும் பெயர் ஒன்றாயினும் பணி வேறு.

அறிந்துகொள்வோம்

பாசல் மிஷனைச் சேர்ந்த ஜார்ஜ் பிளெப்ஸ்ட் என்பவர் 1865ஆம் ஆண்டில் மங்களூரில் எந்திர ஓட்டுத் தொழிற்சாலையைத் தொடங்கினார். நேத்திராவதி, குருபுரா ஆகிய ஆறுகளின் கரைகளில் ஓட்டுக்கு ஏற்ற களிமண் கிடைத்ததே அத்தொழில் அங்கு வளர்ந்ததற்குக் காரணம். அவ்வூரின் பெயரே ஓட்டின் பெயராயிற்று. இன்று இவ்வகை ஓட்டிற்கு ஐ.எஸ். 654 என்னும் இந்தியத் தரவிதி உள்ளது.

பாட்டியின் அறைக்கு மூன்று வழிகள்

மங்களூர் ஓட்டிற்கு 1:2 சரிவு வேண்டும். 10 அடி அகல அறைக்கு அஃது 5 அடி இறக்கம் ஆகும். அவ்வாறு இறக்கினால் வெளிச்சுவர் 5 அடியே இருக்கும். பாட்டியும் குனிந்துதான் நுழைய வேண்டும். 1:5 சரிவிலேயே அவ்வோட்டை வேய்ந்தால், நான்கு திங்கள் மழையில் கட்டில் நனையும். ஆகவே, அக்குடும்பம் மூன்று வழிகளுள் ஒன்றைத் தேர்தல் வேண்டும்.

முதல் வழி, அகலத்தைக் குறைத்தல். அறையின் அகலம் 6 அடி எனில் 1:2 சரிவுக்கு 3 அடி இறக்கம் போதும். வெளிச்சுவர் 7 அடி இருக்கும். அறை ஒடுங்கும், ஆனால், நீளத்தைக் கூட்டிக்கொள்ளலாம். செலவு மிகாது.

இரண்டாம் வழி, சரிவின் திசையை மாற்றுதல். ஒரே பக்கமாக இறக்குவதை விடுத்து, நடுவில் முகடு வைத்து இரு பக்கமும் இறக்கலாம். 10 அடியில் பாதி 5 அடி. 1:2 சரிவுக்கு 2½ அடி உயரமே வேண்டும். சுவர் 8 அடி, முகடு 10½ அடி. அறையும் ஒடுங்காது, ஓடும் மாறாது. ஆயின், புதிய கூரை பழைய கூரையோடு கூடும் இடத்தில் இரு பள்ளங்கள் உண்டாகும். அங்கு இரு கூரைகளின் நீரும் சேர்வதால், ஓட்டின் அடியில் அகன்ற உலோகத் தகட்டைப் பதித்தல் வேண்டும். தச்சர் வேலை கூடும்; செலவும் கூடும்.

மூன்றாம் வழி, சரிவை அப்படியே வைத்துக்கொண்டு வேயும் பொருளை மாற்றுதல். நிறம் பூசிய எஃகுத் தகடு நீளமாகக் கிடைக்கும். மேலிருந்து கீழ்வரை ஒரே தகடாகப் போட்டால் குறுக்கே இணைப்பே இராது; 1:5 சரிவு அதற்குப் போதும். ஆனால், தகடு வெயிலில் மிகவும் சூடேறும். மழையில் பேரொலி எழுப்பும். அடியில் பலகையாலான உட்கூரை அமைத்தால் இரண்டும் குறையும். தகட்டின்மேல் அழகுக்காக ஓடு பரப்புவோரும் உண்டு. அப்போது நீரைத் தடுப்பது தகடே என்பதை மறத்தல் ஆகாது. ஓட்டைப் பொருத்துவதற்காகத் தகட்டில் அடிக்கும் ஒவ்வோர் ஆணியும் ஒரு துளை.

மூன்றனுள் எது சிறந்தது? இடம் குறுகலாயின் முதல் வழி. பொருள் இருப்பின் இரண்டாம் வழி. இரண்டும் இயலாவிடின் மூன்றாம் வழி. சரிவு தர இயலுமானால் ஓடு, இயலாவிடில் தகடு. சரிவைத் தராமல் ஓட்டை மட்டும் விரும்புதல் பிழை.

வாங்கும்போதும் வேயும்போதும்

நன்கு சுட்ட ஓட்டை விரலால் தட்டினால் கணீரென ஒலிக்கும். மந்தமாக ஒலித்தால் அது சரியாக வேகாததாகவோ விரிசல் உள்ளதாகவோ இருக்கலாம். நீர் உறிஞ்சும் அளவையும் சோதிக்கலாம். உலர்ந்த ஓட்டை நிறுத்து, ஒரு நாள் முழுவதும் நீரில் ஊறவைத்துப் பின்னர்த் துடைத்து மீண்டும் நிறுக்க வேண்டும். 2.5 கிலோ எடையுள்ள ஓடு 2.9 கிலோ ஆயிற்று எனில், அது 16 விழுக்காடு நீரை உறிஞ்சியுள்ளது. இரண்டு ஓடுகளை ஒப்பிட்டால், குறைவாக உறிஞ்சுவதே மேல்.

ஒரு தொழிற்சாலையின் ஓடு மற்றொன்றின் ஓட்டோடு பெரும்பாலும் சரியாகப் பொருந்துவதில்லை. எனவே, அனைத்தையும் ஓரிடத்திலேயே வாங்கி, உடைவதற்கு ஈடாகச் சிலவற்றைக் கூடுதலாகவும் சேர்த்து வைத்தல் நலம். ஓட்டின் எண்ணிக்கையைத் தரையின் பரப்பைக் கொண்டு கணக்கிடல் ஆகாது. 10 அடி ஓட்டமும் 5 அடி இறக்கமும் உள்ள கூரையின் சரிந்த நீளம் ஏறத்தாழ 11.2 அடி, இறவாணத்தின் நீட்சி அதற்கும் மேல்.

புதிய கூரை பழைய சுவரைத் தொடும் இடத்திற்குத் தனிக் கவனம் தேவை. அங்குச் சிமெண்டுப் பூச்சு மட்டும் போதாது. மரமும் சுவரும் வெவ்வேறு அளவில் விரிந்து சுருங்குவதால் அது வெடிக்கும். சுவரில் சிறு காடி வெட்டி, உலோகத் தகட்டின் ஓரத்தை அதனுள் செருகி, மறு ஓரத்தை ஓட்டின்மீது மடித்துவிடுதல் வேண்டும்.

நீர் எங்கே விழுகிறது, எவ்வழியே ஓடுகிறது, எங்கே தங்குகிறது என்று எண்ணிப் பார்ப்பவரே நல்ல கூரையை அமைப்பர். அவ்வாறு எண்ணிய பின்னர் நிறத்தைத் தேர்வதற்கு எவரும் தடை சொல்லார்.

சொல்லும் பொருளும்

இறவாணம் – கூரையின் தாழ்ந்த விளிம்பு
உத்தரம் – கூரையையோ தளத்தையோ தாங்கும் பெருமரம்
ஒழுக்கு – கூரை வழியே நீர் கசிந்து சொட்டுதல்
காடி – சுவரிலோ மரத்திலோ வெட்டிய நீண்ட பள்ளம்
கைமரம் – முகட்டிலிருந்து சரிந்து இறங்கும் மரச்சட்டம்
குறுக்குச் சட்டம் – கைமரங்களின்மேல் குறுக்காக அடித்த சிறு சட்டம்; தச்சர் வழக்கில் 'ரீப்பர்'
முகடு – கூரையின் உச்சி
வாட்டம் – நீர் ஓடுவதற்காகத் தளத்திற்குத் தரும் சிறு சரிவு
வேய்தல் – கூரையை ஓடு, ஓலை முதலியவற்றால் மூடுதல்

பயிற்சிகள்

அ. சரியான விடையைத் தேர்ந்தெடுத்து எழுதுக.

1. 12 அடி ஓட்டத்தில் 4 அடி இறங்கும் கூரையின் சரிவு
அ) 1:2   ஆ) 1:3   இ) 1:4   ஈ) 3:1

2. மேற்படிவை விரும்பியவாறு கூட்டுவதற்கு ஏற்ற ஓடு
அ) மங்களூர் ஓடு   ஆ) தட்டோடு   இ) நாட்டு ஓடு   ஈ) சிமெண்ட் ஓடு

3. 'தாழ்வாரம்' என்பதில் 'வாரம்' குறிப்பது
அ) ஏழு நாள்   ஆ) சரிவு   இ) சுவர்   ஈ) மழை

ஆ. குறுவினாக்கள்

1. சார்ப்பு என்பது யாது?
2. கைமரத்தின் சரிவைவிட ஓட்டின் சரிவு குறைவாக இருப்பது ஏன்?
3. நன்கு சுட்ட ஓட்டை எவ்வாறு அறியலாம்?

இ. சிறுவினாக்கள்

1. தாழ்ந்த சரிவில் ஓட்டுக் கூரை ஒழுகுவதற்கான காரணங்களை எழுதுக.
2. மங்களூர் ஓட்டிற்கும் தட்டோட்டிற்கும் பணியில் உள்ள வேறுபாட்டை விளக்குக.

ஈ. நெடுவினா

பாட்டியின் அறைக்கு மூன்று வழிகளுள் எதனை நீ தேர்வாய்? அதனால் வரும் நன்மையையும் இழப்பையும் கூறி, உன் கருத்தை நிறுவுக.

உ. மொழிப்பயிற்சி

1. பிரித்து எழுதுக: அடிவாரம், தட்டோடு, மேற்படிவு.
2. 'ஓடு' என்னும் சொல்லைப் பெயராகவும் வினையாகவும் அமைத்து இரு தொடர்கள் எழுதுக.
3. 'கூரை ஏறிக் கோழி பிடிக்கத் தெரியாதவன் வானம் ஏறி வைகுண்டம் போவானாம்' என்னும் பழமொழியின் பொருளை வீட்டில் பெரியோரிடம் கேட்டு எழுதுக.

ஊ. செயல்திட்டம்

ஒரு பலகையின்மீது பழைய நெகிழி அட்டைகளைக் கீழிருந்து மேலாக, ஒன்றன்மேல் ஒன்று படியுமாறு ஒட்டுக. பலகையை வெவ்வேறு சரிவுகளில் சாய்த்து, மேலிருந்து நீரைத் தெளிக்க. கீழ்ப்புறத்திலிருந்து விசிறியால் காற்று வீசச் செய்க. எந்தச் சரிவில் அட்டைகளின் அடியில் நீர் புகுகிறது என்பதைக் கண்டு அட்டவணைப்படுத்துக. பின்னர், நீ வாழும் ஊரில் உள்ள பழைய வீடுகளின் கூரைகளைப் பார்த்து, அவை எப்பொருளால் வேயப்பட்டுள்ளன, சரிவு மிகுதியா குறைவா என்பதைத் தமிழில் பத்து வரிகளில் எழுதி வகுப்பில் படித்துக் காட்டுக.